பள்ளிக்கூடத்தில் ஒரு வரலாற்று வாரம்

(மந்தைவெளியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு. அச்சுக்காகச் சுருக்கித் திருத்தியது.)



அமெரிக்கப் பள்ளிகளில் ஒவ்வொரு பிப்ரவரியும் கறுப்பின வரலாற்று மாதம். அதைப் பற்றி மந்தைவெளியில் கூடியிருக்கும் நமக்கு என்ன என்று கேட்கலாம். அந்த மாதத்தை முன்மாதிரியாகக் கொண்டுதான் 2015இல் தலித் பெண்கள் சிலர் ஒன்றுசேர்ந்து ஏப்ரலைத் தலித் வரலாற்று மாதமாக்கினார்கள். ஜோதிராவ் புலே பிறந்தது ஏப்ரல் 11, அம்பேத்கர் பிறந்தது ஏப்ரல் 14. அதனால் அந்த மாதம். சென்னையில் நீலம் பண்பாட்டு மையம் ஏப்ரல்தோறும் ஓவியம், நாடகம், திரையிடல், இலக்கியக் கூடுகை என்று அதை நடத்தி வருகிறது. 2022இல் தமிழ்நாடு அரசு அம்பேத்கர் பிறந்தநாளைச் சமத்துவ நாள் என்று அறிவித்து, அதற்கொரு உறுதிமொழியையும் கொண்டுவந்தது. ஆக, இந்த வரலாறு அரங்கத்துக்கு வந்துவிட்டது, அலுவலகத்துக்கும் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு எந்த வடிவில் வர வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சின் பொருள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழந்தையை மேடையேற்றும் விழாவாக அது வரக் கூடாது. ஒரு பழைய தாளையும், நடந்துபோய்ப் பார்க்கக்கூடிய ஓர் இடத்தையும் குழந்தையின் முன் வைக்கும் வேலையாக வர வேண்டும். எல்லாப் பள்ளிக்கும் வர வேண்டும். ஏப்ரலில் வரக் கூடாது.

1.

அமெரிக்காவில் கறுப்பின வரலாற்றைக் கொண்டாடும் வழக்கத்தைத் தொடங்கியவர் கார்ட்டர் ஜி. வுட்சன். 1875இல் வர்ஜீனியாவில் பிறந்தவர். அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்களின் மகன். மேற்கு வர்ஜீனிய நிலக்கரிச் சுரங்கத்தில் கூலி வேலை பார்த்துவிட்டு, மற்றவர்கள் பள்ளிப் படிப்பை முடிக்கும் வயதில் உயர்நிலைப் பள்ளிக்குள் நுழைந்தவர். 1912இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றார். 1915இல் கறுப்பின மக்களின் வாழ்வையும் வரலாற்றையும் ஆராய ஒரு சங்கம் நிறுவினார். மறு ஆண்டே ஆய்விதழ் ஒன்றைத் தொடங்கினார். ‘நீக்ரோ வரலாற்று வாரம்’ என்று அன்று பெயரிட்ட கொண்டாட்டம் வந்தது 1926 பிப்ரவரியில். இந்த வரிசையைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்: முதலில் சங்கம், பிறகு ஆய்விதழ், பத்தாண்டுக்கு மேல் ஆவணத் திரட்டு, கடைசியில்தான் விழா. நம் ஊரில் விழாக்குழுதான் முதலில் பிறக்கும்.

பிப்ரவரியைத் தேர்ந்ததிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. ஆபிரகாம் லிங்கன் பிறந்தநாள் பிப்ரவரி 12, ஃபிரெடரிக் டக்ளஸ் பிறந்தநாளாகக் கொண்டாடப்படுவது பிப்ரவரி 14. இரண்டையும் கறுப்பின மக்கள் ஏற்கெனவே கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். இருந்த கொண்டாட்டத்தோடு பள்ளி வேலையை இணைத்தார் வுட்சன். அவருடைய சங்கம் பள்ளிகளுக்குப் படங்களையும் பாடக் குறிப்புகளையும் சிறு நாடகங்களையும் அனுப்பியது; 1937 முதல் ஆசிரியர்களுக்கென்றே ஓர் இதழும் நடத்தியது. ஆண்டு முழுவதும் வகுப்பில் படித்ததைப் பிள்ளைகள் ஊருக்குக் காட்டுவதற்கு ஒரு வாரம் என்பதே அவர் கணக்கு.

அந்த வேலை எவ்வளவு கடினமாக இருந்தது என்பதற்கு வரலாற்றாய்வாளர் ஜார்விஸ் கிவன்ஸ் ஒரு வகுப்பறையைக் காட்டுகிறார். 1930களின் தொடக்கம், லூயிசியானா மாநிலம், டெஸ்ஸி மெக்கீ என்ற இளம் கறுப்பின ஆசிரியை. மேசையின்மேல் கல்வித் துறை கொடுத்த பாடத்திட்டம் விரிந்திருக்கும். மடியில் வுட்சனின் புத்தகம் இருக்கும். மடியில் இருப்பதைத்தான் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுவார். தலைமையாசிரியர் எட்டிப் பார்த்தால் கண்கள் மேசைக்குப் போகும். அவர் போனதும் மறுபடி மடிக்கு வரும். பிள்ளைகள் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். மாணவர் ஒருவர் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு நினைவிலிருந்து சொன்னதால்தான் இது நமக்குத் தெரிகிறது. அன்று அந்தப் பிள்ளைகளுக்கு இரண்டு பாடம் கிடைத்திருக்கும்: ஒன்று புத்தகத்தில் இருந்தது, மற்றொன்று, அந்தப் புத்தகம் மேசைக்கு வர முடியாமல் மடியில் இருந்தது.

வாரம் மாதமாக விரிந்தது 1970இல், கென்ட் மாநிலப் பல்கலைக்கழக மாணவர்களால். 1976இல் அதிபர் ஃபோர்டு அதற்கு அரசு ஏற்பளித்தார். மேசைக்கு வந்துவிட்டது. வந்தபின் இளைத்தும் போனது. மார்ட்டின் லூதர் கிங் கனவு கண்டார், ரோசா பார்க்ஸ் பேருந்தில் எழுந்திருக்க மறுத்தார் என்ற இரண்டு படங்களோடு பல பள்ளிகளில் மாதம் முடிந்துவிடுகிறது என்று அங்குள்ள அறிஞர்களே குறைப்படுகிறார்கள்.

2.

நம் பக்கம் வருவோம். இங்கிருந்து அடையாற்றைத் தாண்டினால் பிரம்மஞான சபை. அதன் நிறுவனர்களில் ஒருவரான கர்னல் ஆல்காட் அமெரிக்கர். உள்நாட்டுப் போரில் அடிமை முறைக்கு எதிரான வடபுலத்தின் படைத்துறையில் ஊழல்களை விசாரித்தவர். 1865இல் லிங்கன் கொலையை விசாரித்தவர்களிலும் ஒருவர். அவர்தான் 1894இல் ஊரூர்ச் சேரிக் குழந்தைகளுக்கென்று இலவசப் பள்ளி தொடங்கினார். பிறகு தொடங்கிய பள்ளிகளில் ஒன்று மயிலாப்பூர்ப் பகுதியில், திருவள்ளுவர் பெயரில் நடந்தது. முதல் பள்ளி பெசன்ட் நகரில் ஆல்காட் நினைவுப் பள்ளியாக இன்றும் இருக்கிறது. அமெரிக்க விடுதலை அடையாற்றுக்கு வந்து பள்ளியாக முளைத்தது என்று இதை அழகாகச் சொல்லிவிடலாம். ஆனால் ஒருவரின் வாழ்க்கையில் இரண்டும் நடந்தன என்பதால் ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்ததாக ஆகிவிடாது. அந்த இடைவெளியை மாணவர்களுக்குக் காட்டுவதே ஒரு நல்ல வரலாற்று வகுப்பு.

எனக்குள்ள குறை வேறு. இந்தக் கதை எப்போதும் கொடுத்தவர்களின் கதையாகவே சொல்லப்படுகிறது. ஆல்காட் கொடுத்தார், மிஷனரிகள் கொடுத்தார்கள், அரசு கொடுத்தது. வாங்கியவர்கள் வரிசையில் நின்ற கூட்டம், அவர்களுக்கு முகமில்லை. அந்த ஆண்டுகளில் அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? 1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்று பெயரிட்டே ஓர் இதழைத் தொடங்கினார். 1898இல் அயோத்திதாசர் ஆல்காட்டின் உதவியோடு இலங்கை சென்று பௌத்தம் தழுவித் திரும்பி, ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907 ஜூன் 19, புதன்கிழமை, அதே ராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ முதல் இதழ் வந்தது. ஓராண்டில் ‘தமிழன்’ என்று பெயர் சுருங்கி, 1914இல் அவர் மறையும்வரை வாரந்தோறும் வந்தது. அரசியல், வேளாண்மை, மருத்துவம், இலக்கியம், மழைச் செய்தி என்று அதில் இல்லாதது குறைவு. அவர் சித்த மருத்துவரும்கூட.

இவர்கள் தனி மரங்களாக நின்றவர்களா? ஜெ. பாலசுப்பிரமணியம் தலித் இதழ்களைப் பற்றி எழுதிய நூலின் தலைப்பே 1869 முதல் 1943 வரை என்று காலத்தைக் குறிக்கிறது. ‘சூரியோதயம்’ என்ற இதழிலிருந்து அந்த வரிசை தொடங்குகிறது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் முதல் செய்தித்தாள் 1827இல் நியூயார்க்கில் வந்ததை அங்கே பள்ளிப் பிள்ளைகள் படிக்கிறார்கள். எழுத்தறிவே பெரும்பாலோருக்கு மறுக்கப்பட்ட காலத்தில் சென்னையில் இத்தனை இதழ்கள் வந்ததை நம் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள்? 2019இல் வந்த பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் நூலில் அயோத்திதாசர், இரட்டைமலை சீனிவாசன், எம்.சி. ராஜா மூவரும் இடம்பெற்றிருக்கிறார்கள். இதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அயோத்திதாசரின் எழுத்துகளே, ஞான. அலாய்சியஸ் தொகுத்து 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்த பிறகுதான் பொதுவாசகருக்குக் கிடைத்தன. இருபது ஆண்டில் பாடநூலுக்கு வந்தது பெரிய செய்தி. ஆனால் பிறந்த ஆண்டு, தொடங்கிய அமைப்பு, நடத்திய இதழ் என்று சில பத்திகளில் வருவதை மாணவர் ஒரு மதிப்பெண் வினாவுக்கு மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விடுகிறார். அந்த இதழின் ஒரு பக்கம்கூட அவர் கண்ணில் படுவதில்லை.

3.

அப்படியானால் அமெரிக்க மாதிரியை அப்படியே எடுத்துக்கொள்ளலாமே என்றால், அங்கேதான் பெரிய சிக்கல். கறுப்பினக் குழந்தை வகுப்பில் யாரென்று எல்லோருக்கும் தெரியும். ‘உன் முன்னோரைப் பற்றிப் பேசு’ என்று மேடையேற்றினால் புதிதாக எதுவும் வெளிப்படுவதில்லை, பெருமை கூடலாம். சென்னை வகுப்பறையில் நாற்பது பிள்ளைகளில் யார் என்ன சாதி என்பது முகத்தில் எழுதியிருப்பதில்லை. சில குடும்பங்கள் தெரு மாறி, ஊர் மாறி, பெரும்பாடுபட்டு அதைச் சொல்லாமல் வைத்திருக்கின்றன. அந்த மௌனத்தை உடைக்கும் உரிமை ஆசிரியருக்குக் கிடையாது. ‘உங்கள் குடும்ப வரலாற்றை எழுதி வா’, ‘தாத்தா என்ன தொழில் செய்தார் என்று கேட்டு வா’ என்பவை கேட்பதற்கு அழகான செயல்பாடுகள். இங்கே அவை சாதி விசாரணையாக முடியும்.

மார்ட்டின் லூதர் கிங் 1959இல் இந்தியா வந்தபோது நடந்ததாக, 1965 ஜூலை 4 அன்று தம் தேவாலயப் பிரசங்கத்தில் ஒரு நிகழ்ச்சியைச் சொன்னார். கேரளத்தில் ஒரு பள்ளி. பெரும்பாலும் தலித் பிள்ளைகள் படித்த இடம். அவரை அறிமுகப்படுத்திய தலைமையாசிரியர், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற தீண்டப்படாதவர் என்ற பொருளில் சொன்னார். கிங்குக்கு முதலில் சுருக்கென்றது; பிறகு தம் மக்களின் நிலையை எண்ணிப் பார்த்து அதை ஏற்றுக்கொண்டார். அந்தப் பிரசங்கத்தில் நிறைவடைவது கிங்கின் கதைதான். முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் அந்தச் சொல்லைக் கேட்டு என்ன நினைத்தார்கள் என்பது அதில் இல்லை. முப்பது வயதுக்காரர் மேடையில் தாமாக ஏற்றுக்கொள்ளக்கூடிய ஒரு பெயரைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைமேல் நாம் ஒட்டக் கூடாது.

நடிப்பிலும் இதே எச்சரிக்கை வேண்டும். 2019இல் நியூயார்க் மாநிலத் தனியார் பள்ளி ஒன்றில் ஆசிரியை ஒருவர் அடிமை ஏலத்தை வகுப்பில் நடித்துக் காட்டச் சொன்னார். கறுப்பினப் பிள்ளைகள் ஏலப் பொருளானார்கள். மாநிலத் தலைமை வழக்கறிஞர்வரை விவகாரம் போனது. நம் ஆண்டுவிழா மேடையில் ‘தீண்டாமைக் கொடுமை’ என்ற குறுநாடகம் போட்டால், தேநீர்க்கடைத் தனிக்குவளையை யார் கையில் கொடுப்பீர்கள்?

அதனால்தான் தாளும் இடமும் என்கிறேன். ஒரு பழைய இதழின் பக்கத்தையோ ஒரு கிணற்றுக் கல்வெட்டையோ வகுப்பின் நடுவில் வைத்தால் நாற்பது பிள்ளைகளும் அதை ஒரே தூரத்திலிருந்து பார்ப்பார்கள். யாரும் தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டியதில்லை. காட்டிக்கொள்ள விரும்பும் பிள்ளைக்குத் தடையும் இல்லை.

4.

மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு, தனி வாரம் எதற்கு, பொது வரலாற்றிலேயே சேர்த்துச் சொன்னால் போதாதா என்பது. நடிகர் மார்கன் ஃப்ரீமன் 2005இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் கறுப்பின வரலாறே அமெரிக்க வரலாறுதான், அதற்கு ஒரு மாதம் வேண்டாம் என்று சொன்னார். கொள்கையாக இது சரி. வுட்சனும் அந்த நாள் வரும் என்றுதான் நம்பினார். நடைமுறை என்ன ஆனது என்று பாருங்கள். மத்திய பாடத்திட்ட ஒன்பதாம் வகுப்பு வரலாற்று நூலில், உடையின் சமூக வரலாறு பற்றிய பாடத்துக்குள், ஒடுக்கப்பட்ட பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த திருவிதாங்கூர்த் தோள்சீலைப் போராட்டம் பொது வரலாற்றின் பகுதியாகவே இருந்தது. அதன் வாசகங்களுக்கு எதிர்ப்பு வந்தது, வழக்கும் வந்தது. பிழை இருந்தால் திருத்தியிருக்கலாம். 2016 டிசம்பரில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் அந்தப் பகுதியிலிருந்து கேள்வி வராது என்று சுற்றறிக்கை விட்டது. 2019இல் பாடம் முழுவதுமே நூலிலிருந்து போய்விட்டது. பொது வரலாற்றில் கரைந்திருப்பதை ஒரு சுற்றறிக்கை எடுத்துவிடும். பள்ளிக்கென்று ஒரு வாரம் இருந்தால், எடுத்தது யார் என்று கேட்கவாவது ஆள் இருக்கும்.

இரண்டாவது மறுப்பு கனமானது. பள்ளியில் சாதியைப் பேசினால் சாதி வளரும் என்கிறார்கள். தென்மாவட்ட ஆசிரியர்கள் இதைச் சொல்லும்போது அதில் உண்மையான அச்சம் இருக்கிறது. அதை ஏளனம் செய்ய மாட்டேன். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் கட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றைத் தடுக்க வேண்டும். பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி அடையாளம் நீங்க வேண்டும். வருகைப் பதிவேட்டில் சாதி தெரியக் கூடாது என்றெல்லாம் அது பரிந்துரைத்தது. இந்தப் பட்டியலே நமக்கு விடை சொல்கிறது. பிள்ளைகள் சாதியைக் கயிற்றின் நிறத்தால் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பேசாமல் இருப்பவர் ஆசிரியர் ஒருவர்தான். கயிற்றை அறுப்பது சரி. அறுத்த கையோடு ஒரு பாடமும் வேண்டும், அதுவும் கயிறு கட்டிய பிள்ளைக்குத்தான் முதலில் வேண்டும். ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் மட்டும் இந்த வாரம் நடந்தால் அது மறுபடியும் தனிப் பள்ளியின் தனிப் பாடமாகிவிடும். மயிலாப்பூரின், அடையாற்றின் பெரிய தனியார் பள்ளிகளில் நடக்கட்டும்.

மூன்றாவது, இதெல்லாம் வெளிநாட்டு இறக்குமதி என்பது. 1873இலேயே புலே தம் ‘குலாம்கிரி’ நூலை அடிமை முறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். 1946இல் அம்பேத்கர், கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் சபைக்கு அளித்த மனுவின் படியைக் கேட்டு டபிள்யூ.இ.பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். டுபாய்ஸ் பதிலும் எழுதினார். ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் நம்மவர்களே. இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. கனடாவில் ஜனவரி தமிழ் மரபுத் திங்கள். 2016இல் அந்நாட்டு நாடாளுமன்றம் அதை ஏற்றபோது இங்கே நாம் எல்லோரும் மகிழ்ந்தோம். டொராண்டோப் பள்ளியில் தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு மாதம் கேட்பது நியாயம் என்றால், ராயப்பேட்டையிலிருந்து தமிழன் என்று இதழ் நடத்தியவருக்குச் சென்னைப் பள்ளியில் ஒரு வாரம் கேட்பது எப்படிப் பிரிவினையாகும்? அதே டொராண்டோப் பள்ளி வாரியம்தான் 2023 மார்ச்சில், தன் பள்ளிகளில் சாதிப் பாகுபாடு இருக்கிறது என்பதையும் ஏற்றுத் தீர்மானம் போட்டது. நம்மோடு சேர்ந்து சாதியும் கப்பலேறியிருக்கிறது.

5.

வேலை எப்படி இருக்கும் என்று ஒன்றை மட்டும் விரித்துக் காட்டுகிறேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த நூல் திருக்குறள். அது 1812இல் சென்னையில் அச்சானது. பதிப்பித்தவர் தஞ்சை ஞானப்பிரகாசன். அந்தத் தலைப்புப் பக்கத்தின் படத்தை முதலில் வையுங்கள். அடுத்து, தம் பாட்டனார் கந்தப்பன், வெள்ளைக்கார அதிகாரி ஒருவரிடம் வேலை பார்த்தவர், குறள் ஓலைச் சுவடியைக் கொடுத்து அது சென்னை ஆட்சியர் எல்லிஸ் துரையிடம் போய்ச் சேர்ந்தது என்று அயோத்திதாசர் எழுதியதை வையுங்கள். இப்போது கேளுங்கள்: அவர் இதை எழுதியது எப்போது? அச்சேறி ஏறக்குறைய நூறு ஆண்டுக்குப் பின். யார் சொல்லக் கேட்டார்? குடும்பத்தில். வேறு சான்று உண்டா? குடும்ப நினைவை எவ்வளவு நம்பலாம்? நம்ப வேண்டாம் என்றால், மற்றவர்களின் குடும்ப நினைவுகளை ஏன் நம்புகிறோம்? ஆசிரியர் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகள் சண்டை போடட்டும். சேரியில் ஓலைச்சுவடி இருந்திருக்குமா என்ற ஐயம் வகுப்பில் எழுந்தால், அந்த ஐயம் எங்கிருந்து வந்தது என்பதையும் விவாதிக்கலாம். இந்த ஒரு வகுப்பு நூறு உறுதிமொழிக்குச் சமம்.

பிறகு ராயப்பேட்டைக்கு அழைத்துப் போங்கள். 1818இல் எல்லிஸ் வெட்டுவித்த கிணற்றின் கல்வெட்டு பெரியபாளையத்தம்மன் கோயிலில் இருக்கிறது. நீர்வளம் நாட்டுக்கு உறுப்பு என்னும் குறளை அதில் பொறித்திருக்கிறார். அங்கே நின்றுகொண்டு, 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானத்தைப் படிக்கச் சொல்லுங்கள். பொதுத் தெருவிலும் பொதுக் கிணற்றிலும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்பது தீர்மானம். குறள் பொறித்த கிணறு வந்து நூறு ஆண்டுக்கு மேல் கழித்து, தண்ணீர் எடுக்க ஒரு தீர்மானம் எதற்குத் தேவைப்பட்டது? இதற்கு முன்னுரை வேண்டாம், பிள்ளைகளே கேட்பார்கள்.

மந்தைவெளிப் பள்ளிக்கு இன்னும் வசதி. நடந்துபோனால் கிரீன்வேஸ் சாலையில் அம்பேத்கர் மணிமண்டபம். கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் இரட்டைமலை சீனிவாசனுக்கும், 2023 டிசம்பரிலிருந்து அயோத்திதாசருக்கும் மண்டபங்கள். பழையதோடு நிறுத்தவும் வேண்டாம். 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகள் இடிக்கப்பட்டன. அதன் செய்தித்தாள் நறுக்குகளும் நீதிமன்ற ஆணையும் வரலாற்று ஆவணங்கள்தாம். அந்த வகுப்பில், இடம்பெயர்ந்த வீட்டுப் பிள்ளை இருக்கலாம் என்ற நினைப்போடு ஆசிரியர் பேச வேண்டும்.

6.

கடைசியாக நாள்காட்டி. ஏப்ரல் நம் பள்ளிகளில் தேர்வு மாதம். ஏப்ரல் 14 விடுமுறை. அந்த மாதத்தில் பள்ளியால் முடிந்தது முந்தைய நாள் ஓர் உறுதிமொழி, படத்துக்கு ஒரு மாலை. அம்பேத்கர் பிறந்தநாளை மக்கள் தங்கள் தெருக்களில், பள்ளியின் துணையில்லாமலே, நீலக்கொடி கட்டிப் பல பத்தாண்டுகளாகக் கொண்டாடுகிறார்கள். அது அவர்களிடமே இருக்கட்டும். பள்ளிக்கு ஜூன் 19 இருக்கிறது, தமிழன் இதழ் வந்த நாள்; ஜூலை 7 இருக்கிறது, இரட்டைமலை சீனிவாசன் பிறந்தநாள். கல்வியாண்டு அப்போதுதான் தொடங்கியிருக்கும், புத்தகம் புதிதாக இருக்கும், ஆசிரியர் களைத்திருக்க மாட்டார். ஜூன் 19ஐ ஒட்டி ஒரு வாரம் எடுத்துக்கொண்டு, அந்த வாரத்தில் தொடங்கியதை ஆண்டு முழுவதும் தொடரலாம்.

மதிப்பெண் இல்லாத பாடத்துக்கு நேரம் எங்கே என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். குறளும் பாடத்திட்டத்தில்தான் இருக்கிறது, எல்லிஸும் இருக்கிறார், அயோத்திதாசரும் இருக்கிறார். இருக்கும் மூன்று பாடங்களை ஒரே மேசையில் வைக்கத்தான் கேட்கிறேன். இதற்கு ஆசிரியர் கையில் ஒரு சிறு ஆவணத் தொகுப்பு வேண்டும்: தமிழன் இதழின் ஒரு முழுப் பக்கம், 1812 பதிப்பின் தலைப்புப் பக்கம், கிணற்றுக் கல்வெட்டின் வாசகம், 1924 தீர்மானம். வுட்சனின் சங்கம் அஞ்சலில் அனுப்பியதைப் போன்ற ஓர் உறை. இந்த அறக்கட்டளைக் குழுவினர் அடுத்த ஆண்டு சொற்பொழிவுக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியை அதற்குக் கொடுத்தால், மயிலாப்பூர்ப் பகுதிப் பள்ளிகளுக்கு ஜூனுக்குள் அனுப்பிவிடலாம். பேச்சாளருக்குப் போடும் பொன்னாடைச் செலவிலிருந்தே தொடங்கலாம்.